உங்கள் வேலையைப் பள்ளிக்குக் கொண்டுவாருங்கள்: அரசுப் பள்ளியில் படித்து மருத்துவத்துக்கும் ஆய்வகத்துக்கும் போனவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்பு முன்னாள் மாணவர்களுக்கு,

வணக்கம். நான் சிவகங்கை மாவட்டத்தில் ஓர் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியில் அறிவியல் ஆசிரியை. அரசுப் பள்ளியில் தமிழில் படித்துவிட்டு இன்று மருத்துவமனையிலோ ஆய்வகத்திலோ வேலை பார்க்கிற எல்லோருக்கும் இதை எழுதுகிறேன். டாக்டர், செவிலியர், லேப் டெக்னீஷியன், எக்ஸ்ரே எடுப்பவர், மருந்தாளுநர், 108 ஆம்புலன்ஸில் போகிறவர், கால்நடை மருத்துவர், பூச்சியியல் வல்லுநர், காரைக்குடி மின்வேதியியல் ஆய்வகம் போன்ற இடங்களில் ஆய்வு செய்பவர் என்று யாராக இருந்தாலும் சரி, இது உங்களுக்குத்தான்.

நான் கேட்பது ஒன்றுதான். ஆண்டுக்கு ஒருமுறை, ஒரு முற்பகல், நீங்கள் படித்த பள்ளிக்கோ இப்போது குடியிருக்கும் இடத்துக்குப் பக்கத்தில் உள்ள அரசுப் பள்ளிக்கோ வாருங்கள். பத்தாம் வகுப்பையும் பிளஸ் டூவையும் விட்டுவிட்டு நான்காம் வகுப்பு, ஐந்தாம் வகுப்பு, ஆறாம் வகுப்புப் பிள்ளைகளோடு உட்காருங்கள். நீங்கள் தினமும் செய்கிற வேலையில் ஒரு சின்னப் பகுதியை அவர்கள் முன்னால் செய்து காட்டுங்கள். முடிந்தால் அவர்கள் கையாலேயே செய்யவையுங்கள்.

இவ்வளவு சின்னப் பிள்ளைகளுக்கு எதற்கு என்று தோன்றலாம். எங்கள் வகுப்பறைகளில் "நீ என்ன ஆகப் போறே?" என்று கேட்டால் வருகிற பதில்கள் எல்லா ஊரிலும் ஒன்றுதான்: டீச்சர், போலீஸ், டாக்டர், கலெக்டர். நான்காம் வகுப்பில் டாக்டர் என்று சொல்ல எந்தப் பிள்ளைக்கும் கூச்சம் இல்லை. அதே பிள்ளை எட்டாம் வகுப்புக்கு வரும்போது தலையைக் குனிந்துகொள்கிறது. "அதெல்லாம் நமக்கு வராது டீச்சர்" என்கிறது. மார்க் குறைந்த பிள்ளை மட்டும் இப்படிச் சொன்னால் காரணம் புரியும். வகுப்பில் முதலாவதாக வருகிற பிள்ளையும் சொல்கிறது. அறிவியல் பிடிக்கவில்லையா என்று கேட்டால் பிடிக்கும் என்கிறது. பிடித்த பாடம் வேறு, தான் போகக்கூடிய இடம் வேறு என்று அதற்குள் மனதில் முடிவாகிவிட்டது.

இது எங்கள் ஊரில் மட்டும் நடப்பதில்லை. லண்டன் கிங்ஸ் கல்லூரி ஆய்வாளர்கள் இங்கிலாந்துப் பிள்ளைகளை 10 வயதிலிருந்து 14 வயதுவரை தொடர்ந்து கவனித்து 2013-இல் வெளியிட்ட ஆய்வும் இதையே சொன்னது. பெரும்பாலான பிள்ளைகளுக்கு அறிவியல் வகுப்பு பிடித்திருந்தது. வீட்டிலும் அறிவியலை மதித்தார்கள். ஆனால் விஞ்ஞானி ஆக விரும்புகிறேன் என்றவர்கள் ஏறக்குறைய 15 சதவீதம்தான். வீட்டிலோ உறவிலோ அந்த வேலையில் யாராவது இருந்தால், அறிவியல் படித்தால் என்னென்ன வேலைக்குப் போகலாம் என்று வீட்டில் பேச்சு நடந்தால், அந்தப் பிள்ளைக்கு ஆசை நிலைத்தது. எங்கள் பிள்ளைகளுக்கு இல்லாதது அந்த ஆள்தான். சித்தாள் வேலைக்குப் போகிற அம்மாவும் லாரி ஓட்டுகிற அப்பாவும் பிள்ளைமேல் உயிரையே வைத்திருக்கிறார்கள். ஆனால் ஒரு லேபுக்குள் என்ன நடக்கிறது என்று பிள்ளைக்குச் சொல்ல அவர்களுக்கு வழியில்லை.

இன்னொரு ஆய்வையும் சொல்ல வேண்டும். டேவிட் சேம்பர்ஸ் என்பவர் 1983-இல் வெளியிட்டது. "ஒரு விஞ்ஞானியை வரையுங்கள்" என்று சொல்லித் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளிடம் படங்கள் வாங்கினார்கள். மொத்தம் 4,807 பிள்ளைகள். அவற்றில் பெண் விஞ்ஞானி இருந்த படங்கள் 28. அந்த 28-ஐயும் வரைந்தது பெண் பிள்ளைகளே. கண்ணாடி, வெள்ளைக் கோட்டு, தாடி, புகை வரும் குடுவை என்ற அச்சு இரண்டாம் வகுப்பு வாக்கில் படங்களில் தலைகாட்டத் தொடங்கி, ஐந்தாம் வகுப்புக்குள் நன்றாகப் பதிந்துவிடுகிறது. அப்படியென்றால் ஒன்பதாம் வகுப்பில் வந்து "பெண்களும் விஞ்ஞானி ஆகலாம்" என்று நீங்கள் பேசுவது எவ்வளவு தாமதம் என்று பாருங்கள். அந்த வரி பாடப்புத்தகத்தில் இருக்கிறது. சுவரிலும் எழுதியிருக்கிறோம். பிள்ளை அதற்கு முன்பே படத்தை வரைந்து முடித்துவிட்டது.

எங்கள் சுவரில் அப்துல் கலாம் ஐயா படம் இருக்கிறது. எல்லாப் பள்ளியிலும் இருக்கும். அவர் பிறந்த நாளில் மாறுவேடப் போட்டி நடக்கும், நரைமுடி விக் வைத்துப் பத்துப் பிள்ளைகள் வருவார்கள். இதில் தவறு இல்லை. ஆனால் கலாம் ஐயா தன்னை விமானத்தின் பக்கம் திருப்பியது எது என்று பலமுறை சொல்லியிருக்கிறாரே, அதை நாம் எடுத்துக்கொள்ளவில்லை. ராமேஸ்வரத்தில் அவர் ஐந்தாம் வகுப்பு படித்தபோது சிவசுப்பிரமணிய ஐயர் என்ற ஆசிரியர், பறவை எப்படிப் பறக்கிறது என்று கரும்பலகையில் படம் போட்டு விளக்கினார். புரிந்ததா என்று கேட்டார், பிள்ளைகள் புரியவில்லை என்றார்கள். அவர் எரிச்சல்படவில்லை. பிள்ளைகளைக் கடற்கரைக்குக் கூட்டிப்போய், பறவைகள் இறக்கையையும் வாலையும் எப்படி அசைக்கின்றன, எப்படித் திரும்புகின்றன என்று அங்கேயே காட்டினார். ஐந்தாம் வகுப்பில், பத்து வயதில், கண்ணெதிரே கண்டதுதான் அந்தச் சிறுவனைத் திருப்பியது. நம் பிள்ளைகளுக்கு நாம் கலாம் ஐயாவின் படத்தைக் கொடுத்தோம், கடற்கரையைக் கொடுக்கவில்லை.

சரி, வந்து என்ன செய்வது?

டாக்டராக இருந்தால் ஸ்டெதாஸ்கோப்போடு வாருங்கள். ஆனால் அதைப் பையிலிருந்து எடுப்பதற்கு முன் பிள்ளைகளிடம் ஒரு நோட்டுப் புத்தகத்தைச் சுருட்டச் சொல்லுங்கள். பக்கத்துப் பிள்ளையின் நெஞ்சில் ஒரு முனையை வைத்து மறு முனையில் காதை வைக்கச் சொல்லுங்கள். 1816-இல் பாரிஸில் ரெனே லேனக் என்ற டாக்டர் இதைத்தான் செய்தார். ஓர் இளம்பெண்ணின் மார்பில் காதை வைத்துக் கேட்கத் தயங்கி, காகிதத்தைக் குழலாகச் சுருட்டினார். நேரடியாகக் காது வைத்துக் கேட்பதைவிடத் தெளிவாகவே சத்தம் வந்தது. ஸ்டெதாஸ்கோப் பிறந்த கதை அது. அந்தக் கதையைச் சொன்ன கையோடு உங்கள் ஸ்டெதாஸ்கோப்பைக் கொடுங்கள். தன் இதயத்தைத் தானே முதன்முதலாகக் கேட்கிற பிள்ளையின் முகத்தைப் பார்த்தால், இந்த முற்பகல் வீண் என்று உங்களுக்குத் தோன்றவே தோன்றாது.

அப்புறம் மணிக்கட்டில் நாடி பிடிக்கக் கற்றுக்கொடுங்கள். அரை நிமிடம் எண்ணி இரண்டால் பெருக்கச் சொல்லுங்கள். மைதானத்தை ஒரு சுற்று ஓடிவிட்டு வந்து மறுபடி எண்ணச் சொல்லுங்கள். எல்லோருடைய எண்ணையும் கரும்பலகையில் எழுதுங்கள். யாருக்கு அதிகம் ஏறியது, யாருக்குச் சீக்கிரம் இறங்கியது, ஏன் என்று அவர்களே சண்டை போடத் தொடங்குவார்கள். கேள்வி கேட்பது, அளப்பது, ஒப்பிடுவது, சந்தேகப்படுவது எல்லாம் அதற்குள் வந்துவிட்டது. நான் தனியாக "அறிவியல் முறை" என்று ஒரு பாடம் நடத்த வேண்டியதில்லை.

லேப் டெக்னீஷியன்களே, உங்களைத்தான் நான் மிகவும் எதிர்பார்க்கிறேன். ஆண்டுக்கு இரண்டு முறை எங்கள் பிள்ளைகளுக்குக் குடற்புழு மாத்திரை கொடுக்கிறோம். வியாழக்கிழமைகளில் இரும்புச்சத்து மாத்திரை கொடுக்கிறோம். பிள்ளைகள் முகத்தைச் சுளித்துக்கொண்டு விழுங்குகிறார்கள், சிலர் ஜன்னல் வழியே எறிந்துவிடுகிறார்கள். எதற்கு என்று அவர்கள் கண்ணால் கண்டதே இல்லை. உங்கள் லேபில் இருக்கிற பதப்படுத்திய ஸ்லைடுகள் இரண்டு போதும். கொக்கிப்புழு முட்டை ஒன்று. சாயமேற்றிய ரத்தப் பூச்சு ஒன்று. குண்டூசித் தலையளவு ரத்தத்தில் பல லட்சம் சிவப்பணுக்கள் இருக்கின்றன என்று நான் சொன்னால் அது ஒரு மதிப்பெண் கேள்விக்கான விடை. மைக்ரோஸ்கோப்பில் அந்த வட்டங்களைக் காட்டி, ரத்தசோகை உள்ளவரின் அணு எப்படி வெளிறிச் சிறுத்துத் தெரியும் என்று பக்கத்தில் வைத்துக் காட்டினால், அந்த வியாழக்கிழமை மாத்திரை ஜன்னலுக்கு வெளியே போகாது. புதிதாக யாரிடமும் ரத்தம் எடுக்க வேண்டாம். ஊசி என்றாலே ஓடுகிற பிள்ளைகள், அவர்களை வேறு வழியில் உள்ளே கூட்டிவருவோம்.

பள்ளிக்கு மருத்துவப் பரிசோதனைக்கு வருகிற ஆர்.பி.எஸ்.கே. குழுவினருக்கும் இதையே சொல்வேன். நீங்கள் ஏற்கெனவே எங்கள் வாசலுக்கு வந்துவிடுகிறீர்கள். உயரம், எடை, பல், கண் எல்லாம் பார்த்து ரெஜிஸ்டரில் எழுதிக்கொண்டு அடுத்த பள்ளிக்குக் கிளம்ப வேண்டிய அவசரம் எனக்குத் தெரியும். கிளம்பும் முன் பத்து நிமிடம் ஒதுக்குங்கள். கண் பரிசோதனை அட்டையில் எழுத்து ஏன் படிப்படியாகச் சிறிதாகிறது, வாயைத் திறக்கச் சொல்லி எதைத் தேடினீர்கள், காதுக்குள் டார்ச் அடித்தால் என்ன தெரியும் என்று சொல்லிவிட்டுப் போங்கள். பரிசோதிக்கப்பட்ட பிள்ளை, பரிசோதிக்கிறவர் என்ன நினைத்தார் என்று தெரிந்துகொள்ளட்டும்.

பூச்சியியல் பிரிவில் இருப்பவர்கள் ஒரு கண்ணாடி பாட்டிலில் கொசுப்புழுக்களோடு வந்தால் வகுப்பே உங்கள் கையில். வாயில் வலைத்துணி கட்டிய பாட்டிலை ஒரு வாரம் எங்களிடம் விட்டுப்போங்கள், பிறகு முறையாக அழிப்பது என் பொறுப்பு. புழு கூட்டுப்புழுவாகி, கொசுவாவதை நாள்தோறும் நோட்டில் வரைவார்கள். டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசுவின் முட்டை, தண்ணீர் வற்றிய பாத்திரத்தின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு மாதக்கணக்கில் காத்திருக்கும், மழை பெய்ததும் பொரியும் என்று சொல்லிப் பாருங்கள். அன்று மாலையே வீட்டுக்கு வீடு பழைய டயரும் தேங்காய்ச் சிரட்டையும் தெருவுக்கு வந்துவிடும். இதற்கென்றே பாண்டிச்சேரியில் 1975 முதல் ஓர் ஆராய்ச்சி மையம் இருக்கிறது, கொசுவைப் பற்றிப் படிப்பதையே வாழ்க்கையாக வைத்திருக்கும் மனிதர்கள் இருக்கிறார்கள் என்பதை எத்தனை பிள்ளைகள் கேட்டிருப்பார்கள்?

செவிலியர்கள் வந்தால் உப்பு சர்க்கரைக் கரைசல் போடக் கற்றுக்கொடுங்கள். ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீர், தலைதட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. இது எல்லோருக்கும் தெரிந்ததுதானே என்று விட்டுவிடாதீர்கள். உப்பு மட்டும் போதாதா, சர்க்கரை எதற்கு என்று பிள்ளைகளைக் கேளுங்கள். இனிப்புக்காக என்பார்கள். குடல் சுவரைத் தாண்டி உப்பை உள்ளே இழுத்துப் போவதே சர்க்கரைதான், அவற்றின் பின்னால் தண்ணீர் போகிறது என்று அப்போது சொல்லுங்கள். 1971-இல் வங்கதேசப் போரின்போது மேற்கு வங்க எல்லையில் உள்ள பங்காவ் அகதிகள் முகாமில் காலரா பரவியது. நரம்பில் ஏற்றுகிற சலைன் தீர்ந்துபோனது. திலீப் மஹலனாபிஸ் என்ற டாக்டர் இதுபோன்ற ஒரு கரைசலை டிரம் டிரம்மாகக் கலந்து, நோயாளிகளின் உறவினர்களையே கொடுக்கச் சொன்னார். இறப்பு விகிதம் நான்கு சதவீதத்துக்கும் கீழே இறங்கியது. அடுப்படியில் இருக்கிற இரண்டு பொருளை வைத்து உலகத்தில் கோடிக்கணக்கான குழந்தைகளைக் காப்பாற்ற முடிந்தது என்று ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரிந்தால், அறிவியல் தன் வீட்டுக்குள்ளும் இருக்கிறது என்று புரியும்.

நம் ஊரிலேயே நடந்த ஒன்று இருக்கிறது, அதை நீங்கள் யாராவது பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. ஒரு காலத்தில் காசநோய் வந்தால் சானடோரியத்துக்கு அனுப்பிவிடுவார்கள். நல்ல காற்று, நல்ல சாப்பாடு, மாதக்கணக்கில் படுக்கை. தாம்பரத்தை அடுத்து ரயில் நிலையமே அந்தப் பெயரில் இருக்கிறது. ஏழைகளுக்கு அந்த இடம் போதவில்லை. 1956-இல் சென்னையில் ஓர் ஆராய்ச்சி மையம் தொடங்கினார்கள், இன்று சேத்துப்பட்டில் இருக்கும் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் அதுதான். நகரத்து ஏழைக் குடும்பங்களைச் சேர்ந்த நோயாளிகளை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பகுதியினருக்கு சானடோரியத்தில் சிகிச்சை. மற்றவர்களுக்கு அவரவர் வீட்டிலேயே, நெருக்கடியான ஓரறையில், கிடைத்த சாப்பாட்டோடு, அதே மாத்திரைகள். ஓராண்டு முடிவில் குணமானவர்களின் விகிதத்தில் பெரிய வேறுபாடு இல்லை. வீட்டில் கூட இருந்தவர்களுக்கு அதனால் நோய் அதிகம் தொற்றவும் இல்லை. 1959-இல் வெளியான அந்த முடிவு உலகம் முழுவதும் காசநோய் சிகிச்சையை மாற்றியது. ஏழை, வீட்டில் இருந்தபடியே குணமாகலாம் என்று உலகத்துக்கு நிரூபித்தது சென்னை.

அந்த வேலையைச் செய்தவர்கள் யார் யார் என்று பாருங்கள். டாக்டர்கள் மட்டுமா? வீடு வீடாகப் போய் மாத்திரைகளை எண்ணிப் பார்த்த சுகாதாரப் பணியாளர்கள், மாத்திரை விழுங்கினாரா இல்லையா என்று சிறுநீரைச் சோதித்தவர்கள், சளியை வளர்த்துக் கிருமி பார்த்த லேப்காரர்கள், எக்ஸ்ரே எடுத்தவர்கள், கணக்குப் போட்ட புள்ளியியல்காரர்கள். இத்தனை பேரில் ஒருவர் ஏமாற்றியிருந்தாலும் முடிவு நிற்காது. எங்கள் பிள்ளைகள் ஒவ்வொருவரும் இந்த வரிசையில் எங்கேயோ ஓரிடத்தில் நிற்க முடியும் என்பதை அவர்களுக்குச் சொல்ல வேண்டும்.

இதை அழுத்திச் சொல்ல எனக்குக் காரணம் இருக்கிறது. மருத்துவம் என்றாலே எம்.பி.பி.எஸ். மட்டும்தான் என்று பிள்ளைகள் மனதில் பதிந்துவிட்டது. அதற்கு நீட் என்ற ஒரே வாசல். அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020-இல் வந்த பிறகு, எங்கள் பிள்ளைகள் ஆண்டுதோறும் நூற்றுக்கணக்கில் அந்த வாசலுக்குள் போகிறார்கள். ஒரு செங்கல் சூளைத் தொழிலாளியின் பிள்ளை அரசு மருத்துவக் கல்லூரியில் சேர்ந்த செய்தியை நான் வகுப்பில் சத்தமாக வாசிக்கிறேன், கண் கலங்குகிறது. ஆனால் அந்த வாசல் திறக்காத பிள்ளைகள் எத்தனையோ மடங்கு. தோற்ற வருத்தத்தில் தமிழ்நாடு இழந்த பிள்ளைகளை நாம் யாரும் மறக்கவில்லை. ஒரே கனவை மட்டும் கொடுத்து, அது உடைந்தால் என்ன என்று சொல்லாமல் அனுப்பிவைப்பது பெரியவர்களான நாம் செய்யக் கூடாத காரியம்.

பி.எஸ்சி. நர்சிங், மருந்தியல், ரேடியோகிராபி, கண் பரிசோதனை சார்ந்த படிப்பு இவற்றுக்கெல்லாம் பிளஸ் டூ மதிப்பெண்ணில் இடம் கிடைக்கிறது. கால்நடை, வேளாண்மை, மீன்வளம் இருக்கின்றன. உயிரியல் ஆய்வு இருக்கிறது. இவை எல்லாம் "டாக்டர் கிடைக்கலைன்னா" என்று இரண்டாவதாகச் சொல்ல வேண்டியவை இல்லை. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையை எடுத்துக்கொள்ளுங்கள். 1976-இல் 11 படுக்கைகளோடு தொடங்கியது. நிறுவிய டாக்டர் ஜி. வெங்கடசாமி, வடமலாபுரம் கிராமத்தில் பிறந்தவர். சிறுவயதில் உறவுப் பெண்கள் பிரசவத்தில் இறந்ததைப் பார்த்து டாக்டராக வேண்டும் என்று நினைத்தார். பிறகு முடக்குவாதத்தில் விரல்கள் கோணிப்போய் மகப்பேறு மருத்துவத்தை விட வேண்டி வந்தது. அந்த விரல்களாலேயே கண் அறுவை செய்யப் பழகி, ஒரு லட்சத்துக்கும் மேல் செய்தார். அவர் கதை பெரிது. ஆனால் அங்கே நோயாளிகளின் பார்வையைச் சோதிப்பது, கண் அழுத்தம் பார்ப்பது, அறுவை அரங்கில் உதவுவது எல்லாம் யார் என்று கவனித்திருக்கிறீர்களா? கிராமங்களிலிருந்து வந்து பயிற்சி பெற்ற இளம்பெண்கள். அவர்கள் இல்லாமல் அந்த மருத்துவமனை ஒரு நாள் ஓடாது. அவர்களில் ஒருவர் தன் ஊர்ப் பள்ளிக்கு வந்து லென்ஸையும் பார்வை அட்டையையும் காட்டினால், எந்தப் பெரிய மனிதர் பேச்சும் அதற்கு ஈடாகாது.

பெண் பிள்ளைகளைப் பற்றித் தனியாக ஒரு வார்த்தை. ஏழாம் எட்டாம் வகுப்பில், வயதுக்கு வந்த பிறகு, வீட்டில் பேச்சின் தொனியே மாறுகிறது. எவ்வளவு தூரம் அனுப்பலாம், எவ்வளவு நாள் படிக்கவைக்கலாம் என்று கணக்குப் போடத் தொடங்குகிறார்கள். புதுக்கோட்டையில் பிறந்த முத்துலட்சுமி ரெட்டி, பெண்கள் படிக்காத காலத்தில் ஆண்கள் கல்லூரியில் இடம் வாங்கி, 1912-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்று, பிற்காலத்தில் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையை உருவாக்கினார் என்று நான் சொல்கிறேன். செங்கோட்டைப் பெண் நிகர் ஷாஜி, ஆதித்யா எல்1 திட்ட இயக்குநராகச் சூரியனைப் பார்க்க விண்கலம் அனுப்பினார் என்றும் சொல்கிறேன். கேட்கிறார்கள், கைதட்டுகிறார்கள். ஆனால் வீட்டில் அம்மா "எப்படிப் போய் வருவே, யார் துணை?" என்று கேட்கும்போது அந்தப் பெயர்கள் உதவுவதில்லை. பக்கத்து ஊரிலிருந்து பஸ்ஸில் போய்ப் படித்த, ஹாஸ்டலில் தங்கிய, முதல் மாதச் சம்பளத்தில் வீட்டுக் கடனை அடைத்த ஓர் அக்கா வந்து அம்மாவோடு திண்ணையில் உட்கார்ந்து பேசினால் உதவும். அந்த அக்கா நீங்களாக இருந்தால், பள்ளிக்கு வரும் நாளில் பெற்றோரையும் வரச் சொல்கிறேன்.

ஆய்வாளர்களுக்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் ஆய்வு சின்னப் பிள்ளைகளுக்குப் புரியாது என்று நினைக்காதீர்கள். டெல்டா பக்கத்துப் பிள்ளைக்கு ஏ.டி.டி. 43 என்ற நெல் தெரியும், அப்பா அதைத்தான் நடுகிறார். ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையத்தில் ஒருவர் பூவைப் பிரித்து மகரந்தத்தை மாற்றி வைத்துப் பல ஆண்டு காத்திருந்து அப்படி ஒரு ரகத்தை உருவாக்குகிறார் என்பது தெரியாது. காரைக்குடியில் உள்ளவர்கள் துருப்பிடிப்பதைப் பற்றிப் பேசலாம். கடலோரத்து வீட்டுக் கம்பி ஏன் சீக்கிரம் அரிக்கிறது என்பது எங்கள் பிள்ளைகளின் சொந்தக் கேள்வி. ஆய்வகங்களை மாணவர்களோடு இணைக்க, மத்திய அரசின் அறிவியல் ஆராய்ச்சி அமைப்பான சி.எஸ்.ஐ.ஆர். 2017-இல் தொடங்கிய ஜிக்யாசா திட்டம் கேந்திரிய வித்யாலயாக்களோடுதான் முதலில் கைகோத்தது. ஊராட்சி ஒன்றியப் பள்ளியின் கதவும் அதே தூரத்தில்தான் இருக்கிறது.

அரசு ஒன்றும் செய்யவில்லை என்று நான் சொல்ல வரவில்லை. 2022 நவம்பரில் வானவில் மன்றம் வந்த பிறகு கருத்தாளர்கள் பெட்டியோடு வந்து ஆறு முதல் எட்டாம் வகுப்புவரை சோதனைகள் செய்து காட்டுகிறார்கள், பிள்ளைகள் அந்த நாளுக்காகக் காத்திருக்கிறார்கள். தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தின் துளிர் இதழைப் படித்து வளர்ந்தவர்கள் உங்களிலேயே நிறையப் பேர் இருப்பீர்கள். நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி திட்டத்தில் முன்னாள் மாணவர்கள் தரும் பணத்தில் மின்விசிறியும் பெஞ்சும் வந்திருக்கின்றன. பணம் அனுப்பியவர்களுக்கு மனமார்ந்த நன்றி. வகுப்பில் மின்விசிறி ஓடுகிறது. அதற்குக் கீழே நீங்கள் வந்து உட்கார வேண்டும்.

வரும்போது சில விஷயங்களை மட்டும் தவிர்த்துவிடுங்கள். எத்தனை மணி நேரம் தூங்காமல் படித்தீர்கள் என்று சொல்ல வேண்டாம். "கஷ்டப்பட்டால் எல்லாம் கிடைக்கும்" என்றும் வேண்டாம். எங்கள் பிள்ளைகள் ஏற்கெனவே கஷ்டப்படுகிறார்கள், அவர்கள் அப்பா அம்மா அதைவிடக் கஷ்டப்படுகிறார்கள். உங்களுக்கு யார் விண்ணப்பம் நிரப்பிக் கொடுத்தார்கள், எந்த உதவித்தொகை கிடைத்தது, முதல் வருடம் ஆங்கிலத்தில் பாடம் புரியாமல் எப்படிச் சமாளித்தீர்கள், இப்போது வேலையில் எது பிடிக்கிறது, எது அலுப்பாக இருக்கிறது என்று உள்ளது உள்ளபடி சொல்லுங்கள். நன்றாகப் படிக்கிற பிள்ளையைத் தேடி முன்னால் உட்காரவைக்கச் சொல்லாதீர்கள். கடைசி பெஞ்சுப் பையனிடம்தான் ஓணானைப் பற்றி எனக்கே தெரியாத விஷயங்கள் இருக்கின்றன. அப்புறம், ஒருமுறை வந்துவிட்டு நிறுத்திவிடாதீர்கள். நான்காம் வகுப்பில் உங்களைப் பார்த்த பிள்ளை ஐந்திலும் ஆறிலும் உங்களைப் பார்க்க வேண்டும். ஒரு நாள் வந்துபோகிறவரைப் பிள்ளைகள் விருந்தாளியாகத்தான் நினைவு வைப்பார்கள்.

மருத்துவமனைக் கண்காணிப்பாளர்களுக்கும் ஆய்வு நிறுவனங்களின் இயக்குநர்களுக்கும் இதே கடிதத்தில் ஒரு வேண்டுகோள். வார்டில் ஆள் பற்றாக்குறை எனக்குத் தெரியும். ஆனாலும் விருப்பம் உள்ள ஊழியருக்கு ஆண்டில் ஓர் அரை நாள் பணி அனுமதி கொடுங்கள். லீவு போட்டு வரச் சொன்னால் வரும் ஆர்வம் சிலருக்கே இருக்கும், சிலருக்கு லீவே மிஞ்சாது.

நடைமுறை இதுதான். பள்ளித் தலைமையாசிரியரிடம் ஒரு வாரம் முன்பு சொன்னால் போதும். பள்ளி மேலாண்மைக் குழுவில் உங்களுக்குத் தெரிந்தவர் யாராவது நிச்சயம் இருப்பார்கள், அவர் வழியாகவும் வரலாம். பிப்ரவரி 28 தேசிய அறிவியல் நாளுக்கு எல்லோரும் கூப்பிடுவார்கள், அன்று கூட்டமும் மாலையும் புகைப்படமுமாகப் போய்விடும். அதை விட்டுவிட்டு ஜூலை அல்லது ஆகஸ்டில், பாடம் நடக்கிற சாதாரண நாளில் வாருங்கள். காலை பிரேயர் முடிந்து முதல் இரண்டு பீரியடை உங்களுக்கு ஒதுக்குவோம். மேசை, வாளி, தண்ணீர், மின்இணைப்பு, பழையதாக இருந்தாலும் நன்றாக வேலை செய்கிற ஒரு மைக்ரோஸ்கோப், இவ்வளவும் என்னிடம் இருக்கின்றன. மதியம் சத்துணவு எங்களோடு சாப்பிடலாம். ஸ்லைடுகளை மட்டும் மறக்காமல் எடுத்துவாருங்கள்.

அன்புடன்,
ஒரு நடுநிலைப் பள்ளி அறிவியல் ஆசிரியை,
சிவகங்கை மாவட்டம்